குர்துக்கு இரண்டு வரிசை, ஜோங்காவுக்கு ஒன்று: கிளைமொழியையும் மொழியையும் பிரிப்பது எது?

கூகுள் மொழிபெயர்ப்பில் மொழிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். குர்து என்ற பெயர் இரண்டு முறை வரும். ஒன்று குர்மாஞ்சி, 2016-இல் சேர்த்தது. மற்றொன்று சொரானி, 2022-இல் சேர்த்தது. 2024-இல் ஒரே தடவையாக 110 மொழிகளைச் சேர்த்தபோது பூட்டானின் தேசிய மொழியான ஜோங்காவும் உள்ளே வந்தது. சோங்கா என்றும் எழுதுவார்கள். அதற்கு ஒரே வரிசைதான்.

இதைப் பார்ப்பவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வருவது இயல்பு. குர்து ஒரே மொழி என்றால் ஏன் இரண்டு? மலைக்கு மலை பேச்சு மாறும் பூட்டானில் ஜோங்காவுக்குக் கிளைமொழிகளே கிடையாதா?

இந்த இரண்டு மொழிகளுக்கும் உறவு எதுவும் இல்லை. குர்து இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஈரானியக் கிளை, பாரசீகத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. ஜோங்கா திபெத்திய மொழிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. உறவில்லாத இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், பெயர் சூட்டுவதில் இலக்கணத்தின் பங்கு எவ்வளவு, அரசின் பங்கு எவ்வளவு என்பது தெளிவாகத் தெரிகிறது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில் நான்கு சொற்கள்

1. கிளைமொழி: இடத்தையோ சமூகத்தையோ பொறுத்து ஒரு மொழிக்குள் மாறும் பேச்சு. கொச்சை என்றோ மட்டம் என்றோ பொருள் இல்லை. எல்லாரும் ஏதோ ஒரு கிளைமொழியைத்தான் பேசுகிறோம்.

2. கிளைமொழித் தொடர்: பக்கத்து ஊர்ப் பேச்சு புரியும், அதற்கடுத்த ஊர்ப் பேச்சும் புரியும், இருபது ஊர் தாண்டினால் புரியாது. நடுவில் எந்த ஊரில் கோடு போட்டாலும் கோட்டின் இருபுறத்தாரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள்.

3. தரமொழி: பாடநூல், செய்தி, அரசாணை எழுதுவதற்கென்று தேர்ந்து சீராக்கிய வழக்கு. பெரும்பாலும் ஏதாவது ஒரு செல்வாக்குள்ள ஊரின் கிளைமொழிதான் இந்த இடத்துக்கு உயர்கிறது.

4. பரஸ்பரப் புரிதல்: ஒருவர் பேசுவது மற்றவருக்கு முன்பழக்கம் இல்லாமலே புரிகிறதா என்ற சோதனை. கேட்பதற்கு எளிது, நடத்துவதற்குக் கடினம். தொலைக்காட்சியில் கேட்டுப் பழகியவருக்குப் புரியும். பழகாதவருக்கு அதே பேச்சு புரியாது.

குர்து: ஒரே பெயருக்குள் எத்தனை பேச்சு?

துருக்கி, ஈராக், ஈரான், சிரியா ஆகிய நான்கு நாடுகளிலும், ஆர்மீனியா முதல் ஜெர்மனி வரை குடியேறிய இடங்களிலுமாகச் சுமார் மூன்று கோடிப் பேர் குர்து பேசுகிறார்கள். வழக்கமான பிரிப்பு இது:

1. வடக்குக் குர்து, அதாவது குர்மாஞ்சி. துருக்கியின் தென்கிழக்கு, சிரியாவின் வடக்கு, ஈராக்கின் துஹோக் வட்டாரம் ஆகியவை இதன் பகுதிகள். பேசுவோர் தொகையில் இதுவே பெரியது. துஹோக்கில் இதற்குப் பாதினி என்று பெயர்.

2. நடுக் குர்து, அதாவது சொரானி. ஈராக்கில் எர்பில், சுலைமானியா, ஈரானில் சனந்தஜ், மஹாபாத்.

3. தெற்குக் குர்து. ஈரானின் கெர்மான்ஷா, இலாம் பகுதிகள். எழுத்து மரபில் மற்ற இரண்டையும்விடப் பின்தங்கியது.

குர்மாஞ்சிக்கும் சொரானிக்கும் நடுவே ஏறத்தாழப் பெரிய ஸாப் ஆற்றை எல்லையாகச் சொல்வார்கள். ஆற்றோர ஊர்களில் இரண்டும் கலந்துதான் கிடக்கின்றன. ஒரு கோடியில் துருக்கியில் இருக்கும் தியார்பாகிரையும் மறு கோடியில் இருக்கும் சுலைமானியாவையும் எடுத்துக்கொண்டால் கதை வேறு, இரண்டு பேச்சும் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

ஒரே வாக்கியம், இரண்டு எலும்புக்கூடு

"நான் உன்னைப் பார்க்கிறேன்", "நான் உன்னைப் பார்த்தேன்." காலம் மாறினாலும் தமிழில் "நான்" அப்படியே இருக்கிறது, வினையும் நானுக்கு இணங்கி "-ஏன்" என்று முடிகிறது. குர்மாஞ்சியில் அப்படி இல்லை.

"எஸ் தெ திபீனிம்" என்றால் நான் உன்னைப் பார்க்கிறேன். எஸ் என்பது நான், தெ என்பது உன்னை, கடைசி "-இம்" நானுக்குரிய விகுதி. இறந்தகாலத்தில் இது "மின் து தீதீ" ஆகிவிடும். "நான்" வேற்றுமை ஏற்று "மின்" ஆகிறது. "உன்னை" வேற்றுமையை உதறிவிட்டு எழுவாய் வடிவமான "து" ஆகிறது. வினைமுற்று பார்த்தவரை விட்டுப் பார்க்கப்பட்டவரோடு சேர்ந்துகொள்கிறது. மொழியியலார் இதை எர்கேட்டிவ் அமைப்பு என்பார்கள். "எனக்கு உன்னைப் பிடிக்கும்" என்று தமிழில் சொல்லும்போது "நான்" எழுவாய் இடத்தை விட்டு நகர்ந்து "எனக்கு" ஆகிறதே, அதை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும்.

சொரானிக்கு வந்தால் நிகழ்காலம் "மின் தோ தெபீனிம்", இறந்தகாலம் "மின் தோம் பீனி". "நான்" இரண்டு காலத்திலும் "மின்"தான். எஸ், மின் என்ற வேறுபாடே போய்விட்டது. அந்த வேலையை ஒரு சின்ன ஒட்டு செய்கிறது. "தோ" என்ற சொல்லின் வாலில் தொங்கும் "ம்" இருக்கிறதே, அதுதான் "நான்" செய்தேன் என்பதைக் காட்டுகிறது. செயலைச் செய்தவரின் அடையாளம் செயப்படுபொருளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பழைய கட்டமைப்பின் எச்சத்தை வைத்துக்கொண்டு சொரானி புதிதாக ஒரு வழி கண்டிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இது வெறும் உச்சரிப்பு வேறுபாடு இல்லை என்பது புரியும்.

மற்ற வேறுபாடுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

1. பால்: குர்மாஞ்சியில் பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. என் மகன் "குரே மின்", என் மகள் "கெச்சா மின்". இணைப்பு உயிர் பாலுக்கேற்ப ஏ, ஆ என்று மாறுகிறது. சொரானியின் பொது வழக்கில் "குரி மின்", "கிச்சி மின்" என்று இரண்டுக்கும் ஒரே இகரம்.

2. சுட்டு: "அந்தக் குறிப்பிட்ட புத்தகம்" என்று சொல்ல சொரானியில் விகுதி உண்டு. கிதேப் என்றால் புத்தகம், நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் புத்தகம் "கிதேபெகெ". குர்மாஞ்சியில் இந்த விகுதி இல்லை.

3. எதிர்காலம்: குர்மாஞ்சியில் தனி வடிவம் உண்டு. சொரானியில் நிகழ்கால வடிவமே எதிர்காலத்துக்கும் பயன்படுகிறது.

4. ஒலி: தண்ணீர், இரவு, கண் ஆகியவற்றுக்கு இரண்டிலும் ஒரே சொற்கள்: ஆவ், ஷெவ், சாவ். தமிழில் எழுதினால் வித்தியாசம் தெரியாது. குர்மாஞ்சிக்காரர் கடைசி எழுத்தை மேல்பல் கீழுதட்டில் படச் சொல்கிறார். சொரானிக்காரர் உதட்டைக் குவித்து "ஆஉ", "ஷெஉ", "சாஉ" என்பதுபோலச் சொல்கிறார்.

நான்காவது வகை வேறுபாடு ஒரு வாரம் கேட்டால் பழகிவிடும். முதல் மூன்றும் அப்படி இல்லை. குர்து ஆய்வாளர் பிலிப் கிரேயென்பிரூக், இலக்கண அளவில் குர்மாஞ்சிக்கும் சொரானிக்கும் உள்ள தூரத்தை ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிட்டார். சொல்லளவில் நெருக்கம் அதிகம் என்பதையும் சேர்த்தே சொன்னார். என் கணிப்பும் அதுதான். இலக்கண நூல் எழுதுபவர் இவற்றை இரண்டாகவே நடத்த வேண்டும். அதற்காக "குர்து என்று ஒரு மொழியே இல்லை" என்று யாராவது சொன்னால் அது மொழியியல் ஆகாது, ஒரு மக்களின் பெயரை அழிக்கும் வேலை. துருக்கியில் பல பத்தாண்டுகள் அதுதான் அரசின் நிலையாக இருந்தது.

எல்லைகள் வரைந்த எழுத்து

குர்துகளுக்குத் தனிநாடு இல்லை. முதல் உலகப்போருக்குப் பிறகு வந்த எல்லைகள் அவர்களைப் பிரித்தன. ஒவ்வொரு நாட்டிலும் அவர்கள் மொழிக்கு ஒவ்வொரு விதி.

ஈராக்கில் பிரிட்டிஷ் ஆதிக்கக் காலத்திலேயே சுலைமானியா வழக்கு பள்ளிக்கும் அச்சுக்கும் வந்துவிட்டது. அரபு எழுத்தைத் திருத்தி, ஏறக்குறைய எல்லா உயிர்களையும் எழுதிக் காட்டும் முறை ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். 2005 அரசியலமைப்பு அரபுக்கு இணையாகக் குர்தையும் ஆட்சிமொழி ஆக்கியது. எந்தக் குர்து என்று அதில் சொல்லவில்லை. நடைமுறையில் அரசு அலுவலகங்களில் சொரானிதான் முன்னால் நிற்கிறது. பாதினி பேசும் துஹோக் மக்களுக்கு இதில் வருத்தம் உண்டு, அந்த வருத்தத்தில் நியாயமும் உண்டு.

குர்மாஞ்சிக்கு லத்தீன் எழுத்து வந்தது நாடுகடந்து வாழ்ந்தவர்களால். ஜெலாதெத் அலி பெதிர்கான் 1932 மே 15-இல் டமாஸ்கஸில் தொடங்கிய ஹவார் இதழ்தான் 31 எழுத்துகள் கொண்ட அந்த வரிசையைப் பரப்பியது. அந்த மே 15 இன்று குர்து மொழி நாள். சோவியத் ஆர்மீனியாவில் இருந்த குர்துகள் இதே பேச்சைச் சிரில்லிக் எழுத்தில் எழுதினார்கள்.

துருக்கியில் 1983-இல் வந்த 2932-ஆம் எண் சட்டம் குர்தில் அச்சிடுவதையே குற்றமாக்கியது. 1991-இல்தான் அது நீங்கியது. 2009-இல் அரசே குர்துத் தொலைக்காட்சி ஒன்றைத் தொடங்கியது. அப்போதும் துருக்கிய நெடுங்கணக்கில் இல்லாத கியூ, டபிள்யூ, எக்ஸ் ஆகிய மூன்று எழுத்துகளுக்குத் தடை இருந்தது. குர்துப் புத்தாண்டான நவ்ரோஸ் என்ற சொல்லைக் குர்து முறைப்படி டபிள்யூ போட்டு எழுதினால் வழக்கு வரும். குழந்தைக்கு அந்த எழுத்துள்ள பெயரைப் பதிய முடியாது. 2013-இல் அறிவித்த சீர்திருத்தங்களோடுதான் இந்தத் தடை தளர்ந்தது.

இதன் விளைவை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஈராக்கில் ஸாகோ, எல்லைக்கு அந்தப் பக்கம் துருக்கியில் சிலோபி. இரண்டு ஊரிலும் குர்மாஞ்சிதான் பேச்சு. ஸாகோவில் இருப்பவர் சிலோபியில் இருக்கும் மாமன் மகனுக்குக் குரல் செய்தி அனுப்பினால் ஒரு சொல்கூடத் தவறாமல் புரியும். பள்ளியில் படித்த எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்பினால் படிக்கத் தெரியாது. ஒன்று வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்து, மற்றது இடமிருந்து வலமாக ஓடும் லத்தீன் எழுத்து. இந்தப் பிளவுக்கும் இலக்கணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஸாஸா, கோரானி: பெயரில் குர்து, மரத்தில்?

துருக்கியின் தெர்சிம், பிங்கோல் பகுதிகளில் பேசும் ஸாஸாவையும், ஈரான்–ஈராக் எல்லையோரத்துக் கோரானியையும் பெரும்பாலான ஈரானிய மொழியியலார் குர்துக்குள் சேர்ப்பதில்லை. ஒலி மாற்றங்களின் வரலாறு வேறு என்பது அவர்கள் வாதம். மூன்று என்ற எண்ணுக்குக் குர்மாஞ்சியிலும் சொரானியிலும் "சே", ஸாஸாவில் "ஹீரே". ஆனாலும் இவற்றைப் பேசுவோரில் மிகப் பலர் தங்களைக் குர்துகள் என்றே சொல்கிறார்கள். தெர்சிம்காரர்கள் சிலர் தங்கள் பேச்சை "ஸோனே மா", அதாவது எங்கள் மொழி, என்று மட்டும் சொல்லி விடுகிறார்கள். மொழிக் குடும்ப மரம் ஒரு கேள்விக்கு விடை, மக்கள் தங்களை யாரென்று கருதுகிறார்கள் என்பது வேறொரு கேள்விக்கு விடை. ஒன்றை வைத்து மற்றதை அடிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய குழப்பம்.

ஜோங்கா: கோட்டையின் பேச்சு

இப்போது இமயத்துக்கு வருவோம். "ஜோங்" என்றால் கோட்டை, "கா" என்றால் வாய், பேச்சு. கோட்டைப் பேச்சு என்பதே மொழியின் பெயர். 1616-இல் திபெத்திலிருந்து வந்து பூட்டானை ஒன்றிணைத்த ஷப்துருங் ங்காவாங் நம்க்யால் காலத்திலிருந்து பள்ளத்தாக்குதோறும் கோட்டைகள் எழுந்தன. மடமும் நிர்வாகமும் அவற்றுக்குள்ளேயே இருந்தன. மேற்குப் பூட்டானின் பேச்சு அந்தக் கோட்டைகளின் பொதுப் பேச்சானது.

எழுத்து மட்டும் வேறாக இருந்தது. எழுதியது சோகே என்ற செவ்வியல் திபெத்திய மொழியில். பேச்சை எழுத்தில் கொண்டுவரும் முயற்சி மூன்றாவது அரசர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் காலத்தில்தான் வேகம் பெற்றது. 1986-இல் ஜோங்கா வளர்ச்சி ஆணையம் வந்தது. 2008 அரசியலமைப்பு ஜோங்காவைத் தேசிய மொழி என்று அறிவிக்கிறது.

பூட்டானின் 20 மாவட்டங்களில் மேற்கே உள்ள எட்டில்தான் இது தாய்மொழி. திம்பு, பாரோ, புனாகா, ஹா எல்லாம் அதற்குள் வரும். 1990-களில் மொழியியலாளர் ஜார்ஜ் வான் டிரீம் கணக்கிட்டபோது தாய்மொழியாகப் பேசுவோர் சுமார் 1,60,000 பேர். கிழக்கே ஷார்ச்சோப், நடுவே பும்தாங், தெற்கே நேபாளி என்று நாட்டில் பத்தொன்பது மொழிகள் வரை உண்டு. இவற்றில் பல ஜோங்காவின் கிளைமொழிகள் அல்ல, தனி மொழிகள்.

ஜோங்காவுக்குள்ளேயே திம்பு, புனாகா பள்ளத்தாக்குகளின் வாங் வழக்குக்கு மதிப்பு அதிகம். பாரோ, ஹா வழக்குகள் சிறிது மாறும், புரிதலில் தடை இல்லை.

சுற்றியிருக்கும் உடன்பிறப்புகள்

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஜோங்காவுக்கு மிக நெருங்கிய பேச்சுகள் பல.

1. சோச்சாங்காச்சாகா: மோங்கர், லுன்ட்ஸே மாவட்டங்களின் குரிச்சு ஆற்றுப் பள்ளத்தாக்கில் பேசுவது. சோ என்றால் நீ, ங்கா என்றால் நான். "நீ–நான் பேச்சு" என்பதுதான் பெயரின் பொருள். இதைவிட அன்பான மொழிப்பெயரை நான் கண்டதில்லை.

2. லாயா, லுனானா: வடக்கே பனிமலைக்கு அடியில் யாக் மேய்க்கும் மக்களின் பேச்சுகள்.

3. லாகா, ப்ரோக்காத், ப்ரோக்பா: மேய்ச்சல் சமூகங்களின் பேச்சுகள். லாகா என்றால் மலைக்கணவாய்ப் பேச்சு.

4. சிக்கிமின் பூட்டியா: எல்லைக்கு அப்பால், இந்தியாவில். ஜோங்காவுக்கு நெருங்கிய உறவு, ஆனால் சிக்கிம் மாநிலத்தில் தனிப்பெயரும் தனித் தகுதியும் உள்ள மொழி.

லாயாவை எடுத்துக்கொள்ளுங்கள். வான் டிரீம் அதை ஜோங்காவின் கிளைமொழி என்று எழுதுகிறார். உலக மொழிகளுக்குக் குறியீடு தரும் பன்னாட்டுத் தரப்பட்டியல் அதைத் தனி மொழியாக வைத்திருக்கிறது. அதே பட்டியல் குர்மாஞ்சி, சொரானி, தெற்குக் குர்து மூன்றுக்கும் தனித்தனிக் குறி கொடுத்துவிட்டு, "குர்து" என்ற பெரிய குடைக்குள்ளும் அவற்றைச் சேர்க்கிறது. ஜோங்காவுக்கும் அதன் உடன்பிறப்புகளுக்கும் அப்படி ஒரு குடையை அது விரிக்கவில்லை. தூரமாக நிற்கும் குர்து வழக்குகளை ஒரே பெயர் கட்டி வைத்திருக்கிறது. நெருங்கி நிற்கும் இமயப் பேச்சுகள் தனித்தனிப் பெயர்களில் பிரிந்து கிடக்கின்றன.

காரணம் தேடினால் இரண்டு கிடைக்கும். குர்து என்ற பெயர் முதலில் ஒரு மக்களின் பெயர், மொழிக்கு அது பின்னால் வந்தது. ஜோங்கா என்ற பெயர் எந்த மக்களின் பெயரும் அல்ல, ஒரு கட்டடத்தின் பெயர், ஆட்சியின் பெயர். கோட்டைக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தில் இருந்தவர் தன் பேச்சைக் கோட்டைப் பேச்சு என்று சொல்லிக்கொள்ளக் காரணம் இல்லை.

அருகில் சென்று பார்த்தால்

ஜோங்காவின் இலக்கணத்தில் மனதைக் கவரும் ஒன்று உண்டு. "இருக்கிறது" என்பதற்கு இரண்டு சொற்கள்: "யோ", "து". ஏற்கெனவே நன்றாகத் தெரிந்து மனதில் ஊறிய செய்தி என்றால் யோ. இப்போதுதான் கண்டேன், அறிந்தேன் என்றால் து. "வீட்டில் பால் இருக்கு" என்பதற்கும் "அட, பால் இருக்கே!" என்பதற்கும் தமிழில் உள்ள வித்தியாசம் போன்றது. நமக்கு அது ஓர் ஏகாரத்தின் வேலை, ஜோங்காவில் வினைச்சொல்லே மாறிவிடும். "ஆகும்" என்ற பொருளுக்கும் இப்படியே இரண்டு வடிவங்கள். இந்தப் பண்பு திபெத்திய மொழிகளில் பரவலாக உண்டு என்றாலும், எந்தச் சொல் எந்த வேலை செய்கிறது என்பது பேச்சுக்குப் பேச்சு மாறும்.

எண்ணும் முறையும் அப்படி. இருபதுக்கு "கே" என்று ஓர் அலகு, நாற்பது இரண்டு கே, அறுபது மூன்று கே. ஐம்பதை "மூன்றாவது கேயில் பாதி" என்று சொல்வார்கள்.

எழுத்துக்கூட்டல்தான் மாணவர்களைப் படுத்துவது. எட்டு என்ற எண்ணைப் பழைய மரபுப்படி ப, ர, க, ய, த என்று ஐந்து மெய்களை அடுக்கி எழுத வேண்டும். வாயில் வருவது "கே" போன்ற ஓர் அசை மட்டும் (இருபதுக்கான "கே" வேறு சொல்). குர்து வழக்குகளில் எழுத்து பலவாகப் பிரிந்ததுதான் பாரம். ஜோங்காவில் எழுத்து ஒன்றாகவே இருந்து பேச்சை விட்டு விலகிப் போனதுதான் பாரம்.

நடைமுறையில் என்ன மாறுகிறது?

1. கணினி: மொழிபெயர்ப்புக் கருவி எழுதிய உரையிலிருந்து கற்கிறது. குர்துக்கு இரு தரமொழி, இரு எழுத்து என்பதால் இரண்டு தனிக் கருவிகள் தேவைப்பட்டன. தெற்குக் குர்துக்கு எழுத்துத் தொகுதி குறைவு, அதனால் பட்டியலில் இடமில்லை. ஆக அந்தப் பட்டியல் காட்டுவது தரமொழிகளின் எண்ணிக்கையை. பேச்சுகளின் எண்ணிக்கையை அதில் தேடக்கூடாது.

2. பள்ளி: பூட்டானில் பாடமொழி ஆங்கிலம், ஜோங்கா ஒரு பாடம். ஈராக் குர்திஸ்தானில் பாடமொழியே குர்து, துஹோக்கில் பாதினி. துருக்கியில் 2012 முதல் குர்து ஒரு விருப்பப் பாடம் மட்டும். ஈரான் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு வட்டார மொழிகளுக்கு இடம் தருகிறது, வகுப்பறையில் அது பெரிதாக இறங்கவில்லை.

3. அரசியல்: ஒரே தரமொழி ஒற்றுமை தரும் என்ற வாதம் இரு இடங்களிலும் கேட்கும். பூட்டானில் 1980-களின் இறுதியில் ஒரே உடை, ஒரே நடை, ஒரே மொழி என்ற கொள்கை இறுகியபோது பள்ளிகளிலிருந்து நேபாளி நீக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தெற்கிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறி நேபாளத்தின் அகதி முகாம்களுக்குப் போனார்கள். மொழி மட்டுமே அதற்குக் காரணம் இல்லை, குடியுரிமைச் சட்டமும் காரணம். ஆனால் மொழிக்கொள்கையை அந்த நிகழ்விலிருந்து பிரித்துப் பேச முடியாது.

இனி செய்தியில் "குர்து மொழியில் அறிவித்தார்" என்று வந்தால், எந்த நகரத்தில், எந்த எழுத்தில் என்று பாருங்கள். எர்பிலில் சொன்னால் பெரும்பாலும் சொரானி, தியார்பாகிரில் சொன்னால் குர்மாஞ்சி. "பூட்டானியர்களின் மொழி ஜோங்கா" என்று வந்தால், குரிச்சு ஆற்றங்கரையில் இன்று மாலை ஒரு தாய் தன் குழந்தையைச் சாப்பிடக் கூப்பிடுவது "நீ–நான் பேச்சில்" என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.